ஒயருக்கும் காற்று வேண்டும்



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, நம் அறைக்கு நாமே நெருப்பு வைக்க இருந்தோம். இதில் மிகை ஒன்றுமில்லை. அறையின் மூலையில் நீண்ட எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று தாறுமாறாய்க் கிடந்தது. வருவோர் காலை இடறிய அதனை ஒழுங்கு செய்வோம் எனக் கருதி, இறுகச் சுருட்டி, பழைய வேட்டிக் கிழிசலால் நான்கு கட்டுப் போட்டு, ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினோம். பின்னர் அதே ஒயரில் இஸ்திரிப் பெட்டியைப் பொருத்தித் துணி தேய்க்கத் தொடங்கினோம். சிறிது நேரத்தில் அறையெங்கும் தீய்ந்த வாடை! சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால், ஒயரின் மேலுறை இளகிச் சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் வந்த மின்பணியாளர், நம் பங்கைச் சேர்ந்த முதியவர், அதனைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "சாமி, நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. ஆனா ஒயருக்கும் காத்து வேணும்ல?" என்றார். பல ஆண்டு படித்தும் நாம் அறியாதிருந்த பாடம் அது.

மின்சாரம் ஓடும் கம்பி சூடேறும். மின்னோட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்னும் விதியை 1841-இல் ஜூல் என்னும் ஆங்கிலேய அறிஞர் வெளியிட்டார். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கைப்பேசி சார்ஜரோ அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. ஒயர் நீட்டிக் கிடந்தால் சூடு காற்றில் கலைந்துவிடும். சுருண்டு கிடந்தாலோ ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றுக்குப் போர்வையாகிவிடும். ஆகவே, சார்ஜர் ஒயரைச் சுருட்டி வைக்கலாம். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ஆகியவற்றின் ஒயரைப் பயன்படுத்தும் வேளையில் ஒருபோதும் சுருட்டி வைக்கலாகாது. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்துங்கள்.

அம்முதியவர் தம் பையிலிருந்து வெண்ணிறப் பீங்கான் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். பழைய வீடுகளில் சுவர்மீது ஒயர்களைத் தாங்கி நின்ற 'கிளீட்' அது. இரு பாதிகள், நடுவே பள்ளங்கள், முடுக்க ஒரு திருகாணி, அவ்வளவே. களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் பொடிகளைச் சேர்த்து 1,200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் சுட்டெடுக்கும் பீங்கான், மின்சாரத்தைக் கடத்தாது, தீப்பற்றாது. சேத்தியாத்தோப்புக்கு மேற்கே உள்ள விருத்தாசலத்தின் சூளைகளில் பொம்மைகளோடு பியூஸ் கேரியர்களும் உருவாவது இதனாலன்றோ! அச்சிறு துண்டு நமக்குக் கற்பிப்பவை நான்கு: ஒயரை நசுக்காமல் பிடி; ஒன்றை மற்றொன்றிலிருந்து விலக்கி வை; காற்றுக்கு இடம் விடு; கண்ணுக்குத் தெரியும்படி வை.

இந்நான்கையும் காசு செலவின்றி நம் வீட்டிலேயே நிறைவேற்றலாம்.

ஆண்டு முடிந்ததும் எறிந்துவிடும் நாள்காட்டி அட்டையை நான்கு விரல் அகலம், ஆறு விரல் நீளத்திற்கு வெட்டுங்கள். இரு முனைகளிலும் நடுவே சிறு பள்ளம் வெட்டி, சார்ஜர் ஒயரை அப்பள்ளங்களின் வழியே தளர்வாகச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம், உள்ளிருக்கும் மெல்லிய செம்பு இழைகள் அறுந்துபோவது பெரும்பாலும் முனையை ஒட்டி மடியும் இடத்தில்தான். அட்டையில் எந்தக் கருவிக்குரியது என எழுதி, ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வீசியபின் நம் மாவட்டத்துச் சிற்றூர்கள் பல நாள் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளில் டார்ச் விளக்கின் ஒயரைத் தேடி அலையாதிருப்பது பெரிய நன்மை.

கடைத்தெருவில் சைக்கிள் பழுது பார்ப்பவரிடம் கேட்டால், ஒட்டுப்போட முடியாத டியூப் கிடைக்கும். அதனைக் குறுக்கே ஒரு விரல் அகலத்திற்கு வெட்டினால் பல வளையங்கள். பயன்படுத்தி முடித்து, ஆறிய பின் சுருட்டிய ஒயரைப் பிடித்துவைக்க இவற்றிலும் நல்ல கட்டு வேறில்லை.

வீடு கட்டியபோது எஞ்சிய பி.வி.சி. குழாய்த் துண்டை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் அறுத்து, உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து, மேசைக்காலின் பின்புறம் கட்டிவையுங்கள். தொலைக்காட்சிக்கும் சார்ஜருக்கும் செல்லும் மெல்லிய ஒயர்களை அதனுள் செருகிவிட்டால், தவழும் குழந்தையின் கைக்கு எட்டா.

செய்யத் தகாதவையும் உண்டு. கட்டுக்கம்பியால் ஒயரைக் கட்டாதீர்கள். ஒயர்மீது ஆணி அடித்து மடக்காதீர்கள். பாய்க்கடியில் ஒயரைச் செலுத்தாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பலகையை அட்டைப் பெட்டிக்குள் மறைக்காதீர்கள். உறை கிழிந்த ஒயர் ஒழுங்கு செய்வதற்குரியதன்று, விலக்குவதற்குரியது. செம்புக்காக அதனைக் கொளுத்தும் பிள்ளைகளைத் தடுங்கள், அப்புகை நஞ்சு.

இத்தனை ஒயர்கள் நம் இல்லத்தில் சேர்ந்ததே கருவிக்கொரு முனை இருந்ததனால்தான். இதனை உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம், 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கும் புதிய கைப்பேசிகளுக்கு ஒரே வகைச் சார்ஜர் முனையைக் கட்டாயமாக்கியது. நம் பெட்டிகளில் உறங்கும் பழைய ஒயர்களையோ நாமே பிரித்தாக வேண்டும்.

வரும் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் அட்டையை வெட்டட்டும். பெரியவர்கள் ஒயர்களைச் சோதிக்கட்டும். உருகிய அவ்வொயரின் ஒரு துண்டை நம் மேசைமேல் வைத்திருக்கிறோம். பங்கு இல்லத்திற்கு வரும்போது கேளுங்கள், காட்டுகிறோம். அருகிலேயே, துணி தேய்க்கும் வேளையில், புதிய ஒயர் சுவரோரமாக நீட்டிக் கிடப்பதையும் காண்பீர்கள்.