முதல்நூலும் திரைப்படமும்

கதை ஒன்று திரைப்படமாக வெளிவந்தவுடன், அதனை முன்னரே படித்தவர் வாயில் முதற்கண் பிறக்கும் சொல், “கதையில் உள்ளபடி எடுக்கவில்லை” என்பதேயாகும். படிக்காதவர் படத்தைச் சுவைத்துக்கொண்டிருக்க, படித்தவரோ இன்ன காட்சி இல்லை, இன்ன பாத்திரம் விடுபட்டது என்று கணக்கெடுத்துக்கொண்டிருப்பர். கணக்கெடுத்தல் குற்றமன்று. ஆயினும், அக்கணக்கே தீர்ப்பாகிவிடின், படமும் விளங்காது, கதையும் விளங்காது. ஒருவர் இயற்றியதை மற்றொருவர் எடுத்தாளுங்கால் எதனைக் காத்தல் வேண்டும், எதனை மாற்றலாம் என்னும் ஆராய்ச்சி தமிழுக்குப் புதியதன்று. திரைப்படம் தோன்றுதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே தமிழிலக்கணம் அதற்கு விடை கூறியுள்ளது.

நூல், முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் இருவகைப்படும் என்பது தொல்காப்பியம். வழிநூல் செய்யும் முறை நான்கு என்றும் அது வகுத்துரைக்கும். விரிந்ததைச் சுருக்குதல் தொகுத்தல். சுருங்கியதைப் பெருக்குதல் விரித்தல். இரண்டும் கலந்து செய்தல் தொகைவிரி. பிறமொழிப் பொருளைத் தமிழ் மரபுக்கு ஏற்பச் செய்தல் மொழிபெயர்ப்பு. பின்வந்த நன்னூல், சார்புநூல் என மூன்றாவதையும் சேர்த்தது. வழிநூல், முதல்நூலின் முடிபோடு ஒத்துச் செல்லவேண்டும். இடையில் பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளைச் செய்துகொள்ளலாம். சார்புநூலுக்கு இந்தக் கட்டும் இல்லை. அது முன்னூலில் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு வேறு வழியிற் செல்வது. திரைப்படம் ஏட்டில் எழுதப்படுவதன்று என்பது மெய்யே. ஆனால், பிறர் கதையை அது எடுத்தாளும் முறையை அளத்தற்கு இதனினும் பொருத்தமான கோல் எளிதிற் கிட்டாது.

இக்கோலைக் கொண்டு கம்பரை அளந்து பார்த்தால் உண்மை புலப்படும். வில்முறிக்கும் முன்னரே இராமனும் சீதையும் மிதிலையில் ஒருவரையொருவர் கண்டு காதல் கொள்ளும் காட்சி வான்மீகத்தில் இல்லை. இரணியன் வதைப்படலமும் இல்லை. இராவணன் சீதையைத் தீண்டி எடுத்துச் சென்றான் என்பது வான்மீகம். பர்ணசாலையோடும் நிலத்தோடும் பெயர்த்து எடுத்தான் என்பது கம்பர் கூற்று. “உள்ளபடி பாடவில்லை” என்று கம்பரைக் குறை கூறியவர் யார்? கதையின் முடிபு மாறவில்லை. அது தமிழ்நிலத்தில் வேரூன்றுதற்கு வேண்டியவை மட்டும் மாறின. புலவருக்குக் கொடுத்த இவ்வுரிமையைத் திரைப்பட இயக்குநருக்கு மட்டும் மறுப்பது நடுவுநிலைமை ஆகாது.

தொகுத்தலுக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ‘பொன்னியின் செல்வன்’. கல்கி இந்நாவலை 1950 ஆம் ஆண்டு முதல் 1954 ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டு, தம் வார இதழில் எழுதினார். ஐந்து பாகங்கள், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். வாரந்தோறும் ஓரிடத்தில் கதையை நிறுத்தி, அடுத்த இதழ் வரையில் படிப்பவரைத் தவிக்கவிடுதல் தொடர்கதையின் இயல்பு. ஆகவே, ஒளிந்து கேட்போரும், சுரங்கவழியே மறைவோரும், பிறப்பு மறைக்கப்பட்டோரும் அதில் நிறைந்துள்ளனர். இக்கதையை மணிரத்னம் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு படங்களாக ஆக்கினார். இரண்டும் சேர்ந்து ஐந்தரை மணி நேரமே ஓடுவன. மூன்றரை ஆண்டை ஐந்தரை மணிக்குள் அடக்குவோர் கைவிடவேண்டியது எவ்வளவு என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

கைவிட்டவற்றுள் இரண்டு கருதத்தக்கன. ஒன்று மணிமேகலை. வந்தியத்தேவன்பால் கைகூடாத அன்பு வைத்து, நாவலின் இறுதியில் அவன் மடியிலேயே உயிர்விடும் அப்பெண் படத்தில் இல்லை. இஃது இழப்பே, நாவலைப் படித்து முடித்தவர் நெஞ்சில் இறுதியாக நிற்பவள் அவளே. மற்றொன்று சேந்தன் அமுதன் வரலாறு. பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுத்து, தேவாரம் பாடித் திரிந்த எளிய இளைஞனே செம்பியன் மாதேவியின் மகன் என்றும், உத்தமசோழனாக முடிசூடியவன் அவனே என்றும் கல்கி முடித்தார். படத்திலோ சேந்தன் அமுதன் வேறு, முடிசூடும் மதுராந்தகன் வேறு. நூலைக் கையில் வைத்துப் பார்ப்பவர்க்கு இதனினும் பெரிய மாற்றம் இருத்தல் இயலாது. ஆனால், கதையின் முடிபு யாது? தன் தலைக்கு வந்த மணிமுடியை அருள்மொழிவர்மன் பிறிதொருவன் தலையில் வைத்தான் என்பதே. ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி இட்ட பெயரே ‘தியாக சிகரம்’. அம்முடிபைப் படம் காத்தது. இன்னும் நுணுகி நோக்கின், அன்புக்குரிய அடியவனுக்கு முடியளிப்பதைக் காட்டிலும், அரசுரிமைக்குப் போட்டியிட்டவனுக்கே அதனை அளிப்பது கடினமானது என்றும் சொல்லலாம். வியப்பு குறைந்தது, துறவின் சுமை குறையவில்லை. ஆதலின், இது வழிநூலே.

படம் கொண்டுவர இயலாதது மற்றொன்றும் உண்டு. அது கல்கியின் குரல். படிப்பவரோடு நண்பர்போல் உரையாடி, நகைத்து, இடையிடையே வரலாற்றையும் சொல்லி அழைத்துச் செல்லும் அக்குரலே பலர்க்கு அந்நாவலின் உயிர். படத்தின் தொடக்கத்தில் முன்னுரைக் குரல் ஒன்று ஒலிப்பினும், பின்னர்க் கதைமாந்தரே பேசுகின்றனர்; ஆசிரியர் இல்லை.

இதற்கு ஈடாகத் திரை தருவதும் உண்டு. கொத்தமங்கலம் சுப்பு, ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’, சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாகசுரத்துக்கும் மோகனாவின் ஆட்டத்துக்கும் நிகழும் போட்டியைக் கூறும் கதை. கோபுலுவின் சித்திரங்கள் இருவரையும் கண்முன் நிறுத்தின. ஆயினும், நாகசுரத்தின் ஒலியை எழுத்தோ சித்திரமோ காட்டுதல் அரிது. 1968 இல் ஏ. பி. நாகராசன் இயக்கிய படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர் வாசித்த நாகசுரம் கேட்டது. கதை படித்தவர் மனத்தால் கேட்டதைக் காதாலும் கேட்டனர்.

உள்ளத்தை உரைப்பது எழுத்துக்கு எளிது. “அவன் நெஞ்சம் நெகிழ்ந்தது” என்று மூன்று சொல்லில் எழுதிவிடலாம். திரை அவ்வாறு சொல்லக்கூடாது, நெகிழ்ந்ததைக் காட்டவேண்டும். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். நெடுங்காலம் நாடக மேடையின் வசன மழையிலேயே நனைந்திருந்த தமிழ்த்திரை இதனைத் தாமதமாகவே உணர்ந்தது. உமாசந்திரனின் நாவலைக் கொண்டு மகேந்திரன் 1978 இல் எடுத்த ‘முள்ளும் மலரும்’ படத்தின் இறுதிக் காட்சியில், தான் விரும்பிய பொறியாளரை மணக்க ஊராரோடு செல்லும் தங்கை, வழியில் தமையனைக் கண்டதும் அனைவரையும் விட்டு ஓடிவந்து அவனைத் தழுவிக்கொள்கிறாள். விபத்தில் ஒரு கையை இழந்தவன், எல்லாம் தன்னை விட்டுப் போயின என்று எண்ணியிருந்தவன், அந்நொடியில் நிமிர்கிறான். அவளை அப்பொறியாளர்க்கே மணமுடிக்கவும் இசைகிறான். அங்கே பெருமிதம் என்னும் மெய்ப்பாடு முகத்தில் மலர்ந்ததே கதையின் முடிச்சை அவிழ்த்தது. உரையாடல் பின்னரே வந்தது.

அதே மகேந்திரன் 1979 இல் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைச் சார்ந்தது. சார்ந்தது என்னும் சொல்லை இங்கு இலக்கணப் பொருளிலேயே கொள்ளவேண்டும். தாயை இழந்த குழந்தைகள் வாழும் வீட்டில் சிற்றன்னை வந்து சேர்வது புதுமைப்பித்தன் கதை. படத்திலோ தாய் நெடுநேரம் உயிரோடிருக்கிறாள். நோயுற்ற அவளை வதைக்கும் கணவனும், அவனுக்கு அஞ்சி வாழும் ஊருமே கதையை நிறைக்கின்றனர். இறுதியில் பொறுமை இழந்த ஊரார் அவனை ஆற்றில் இறங்கி மடியச் செய்கின்றனர். அவர்களையும் தன்னைப்போல் ஆக்கிவிட்டதே தான் செய்த பிழைகளுட் பெரிது என்று சொல்லி அவன் நீரில் இறங்க, இரு குழந்தைகளும் கரையில் நிற்கின்றன. குறுநாவலிற் காணாத ஆறும் ஊரும் தீர்ப்பும் இயக்குநர் படைத்துக்கொண்டவை. அவர் எடுத்துக்கொண்டது அக்குழந்தைகளின் தனிமை ஒன்றே. முடிபே வேறாகிவிட்டமையால் இதனை வழிநூல் எனல் பொருந்தாது. சார்புநூல் எனலே தகும். ‘சிற்றன்னை’யோடு ஒப்பிட்டு இதில் குறை காண்பவர், மாமரத்தில் பலாப்பழம் தேடுபவர் ஆவர்.

எடுத்தது சிறிதாயின், எடுத்த இடத்தைச் சொல்லவேண்டுமோ என்று கேட்பார் உளர். பாயிரம் இல்லாதது நூல் ஆகாது என்பர். அப்பாயிரத்தில் ஆக்கியோன் பெயரையடுத்துச் சொல்லவேண்டுவது வழி. அஃதாவது, இந்நூல் எதனினின்றும் வந்தது என்பது. திரைப்படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்வரிசையே அதன் பாயிரம். பிறர் கதையின் கருவை எடுத்துக்கொண்டு அவ்வரிசையில் அவர் பெயரை ஒளிப்போர், காட்சிகளைக் கூட்டியும் குறைத்தும் எடுப்போரினும் பெருந்தவறு செய்பவர். எழுதியவன் எளியவனாயின் வழக்காடவும் அவனுக்குப் பொருள் இராது. ‘உதிரிப்பூக்கள்’ படத்தைப் பார்த்துவிட்டு, இது இன்னார் கதை என்று எவரும் கண்டுபிடித்திருக்க இயலாது. சொல்லாமல் விட்டிருந்தால் கேட்பாரும் இல்லை. புதுமைப்பித்தன் 1948 ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். 31 ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த அப்படம், மூலக்கதை அவருடையது என்று அறிவித்தே திரைக்கு வந்தது.