தோண்டாதே

நான்கு மாதங்களுக்கு முன், உயிரோடு இருந்த ஒரு நண்டைக் குப்பைக் குழாயில் போட்டேன். தெரியாமல்தான் போட்டேன். ஆனாலும் போட்டது நான்தான்.

எட்டு வயது மகள் நாய் வேண்டும், பூனை வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விடுமுறையில் ஒரு கடையில் ஹெர்மிட் நண்டுகளைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. குரைக்காது, முடி கொட்டாது, வீவக வீட்டில் மூலையில் கிடக்கும். சிங்கப்பூரில் வளர்க்க அனுமதியுள்ள சிறு பிராணிகளில் இதுவும் ஒன்று. மலாய்க்காரர்கள் உமாங்-உமாங் என்பார்கள். தமிழில் துறவி நண்டு. கம்பிக்கூண்டு ஒன்று, வண்ணக் கூழாங்கல் ஒரு பொட்டலம், கார்ட்டூன் படம் வரைந்த சங்கோடு இரண்டு நண்டுகள். பராமரிப்பு சுலபம் என்றார் விற்றவர். நானும் நம்பினேன். சுலபம் என்ற சொல்லை யார்தான் நம்ப மாட்டார்கள்?

மூன்றாவது வாரம் பெரிய நண்டு சாப்பிடுவதை நிறுத்தியது. கண்ணில் புரை விழுந்த மாதிரி மங்கல். மூலையில் கல்லைப் பறித்துப் பறித்துப் பார்த்துவிட்டு அப்படியே கிடந்தது. ஒரு சனிக்கிழமை காலை சங்குக்கு வெளியே காலும் கொடுக்குமாக முழு நண்டு விழுந்து கிடந்தது. தொட்டேன், அசையவில்லை. மகள் அழுதாள். செய்தித்தாளில் சுற்றி, சங்கோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, மிச்சமிருந்த நண்டுக்குத் தீனி வாங்கப் பக்கத்துப் புளோக் மீன் கடைக்குப் போனபோது கதையைச் சொன்னேன். கடைக்கார அங்கிள் இரண்டே கேள்விதான் கேட்டார். “நாற்றம் அடித்ததா? தூக்கும்போது கனமாக இருந்ததா?” இல்லை. உரித்த இறால் தோல் காய்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது. அவர் தலையை ஆட்டினார். “அது தோல். நண்டு சங்குக்குள்ளே இருந்திருக்கும்.”

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நண்டின் மேலோடு உடம்போடு வளராது. பழைய ஓட்டைக் கழற்றினால்தான் அது வளர முடியும். கழற்றியதும் உடல் பஞ்சுபோல் மிருதுவாக இருக்கும், எறும்புகூட எதிரிதான். சக நண்டே வாசனை பிடித்து வந்து தின்றுவிடலாம். அதனால்தான் மண்ணுக்குள் புதைந்துகொள்கிறது. கழற்றிய ஓட்டைத் தானே தின்று, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு புது ஓட்டை இறுக்கிக்கொள்கிறது. இழந்த காலும் இந்தச் சமயத்தில்தான் முளைக்கும். சின்ன நண்டுக்கு நான்கு முதல் எட்டு வாரம், பெரியதற்கு மாதக்கணக்கில் ஆகும். என் வீட்டு நண்டுக்குப் புதைய இருந்ததோ இரண்டு விரல்கடை கூழாங்கல். அது வேறென்ன செய்யும்?

மறுவாரமே கூண்டைத் தூக்கிவிட்டுக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னை நார்த்தூள். குறைந்தது 15 செண்டிமீட்டர் ஆழம், அல்லது நண்டின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. ஈரப்பதத்துக்குப் புட்டு மாவுதான் கணக்கு: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்த மணலில் தோண்டிய வளை சரிந்துவிடும். சொதசொதவென்றிருந்தால் உள்ளே மூச்சு முட்டும்.

தண்ணீர் இரண்டு கிண்ணம், ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று உப்புத் தண்ணீர். சமையல் உப்பு ஆகாது, கடல் மீன் தொட்டிக்கான உப்பு வேண்டும். நம் குழாய் நீரில் குளோரமின் இருக்கிறது. குளோரின் மாதிரி இரவு முழுக்கத் திறந்து வைத்தால் போய்விடாது. மீன் கடையில் விற்கும் நீர் மருந்து நான்கு சொட்டு விடுகிறேன். சுண்ணாம்புச் சத்துக்கு ஓட்டுக்கணவாயின் வெள்ளை ஓடு. நாட்டு மருந்துக்காரர்கள் கடல்நுரை என்பது இதைத்தான். சாயம் பூசாத வெறும் சங்குகள் நாலைந்து, சற்றே பெரிய அளவில்.

நான் செய்த இன்னொரு தவறு ஏர்கான். துறவி நண்டு செவுளால் மூச்சுவிடும் பிராணி. காற்றில் 80 விழுக்காடு ஈரம் இருந்தால்தான் அதற்குச் சுகம். சிங்கப்பூர்க் காற்றில் அது தாராளமாகவே இருக்கிறது. நாம்தான் படுக்கையறையில் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் ஏர்கானைப் போட்டு உலர்த்தினோம். தொட்டி இப்போது மூடியோடு வரவேற்பறையில் இருக்கிறது.

ஆறு வாரத்தில் சின்ன நண்டு அளவுக்கு மீறித் தின்றது, குடித்தது. நிறம் வெளிறியது. ஒரு நாள் காலையில் காணோம். மணலில் ஒரு குழி மட்டும். “ஜீவசமாதி ஆயிருச்சா?” என்றார் மாமியார். துறவி என்று பேர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையே இல்லை. தண்ணீர் மாற்றுவேன், மணலின் ஈரம் பார்ப்பேன். தோண்டக் கூடாது. பாதியில் தோண்டினால் வளை இடியும், மிருதுவான உடல் கிழியும். செத்திருந்தால் அழுகிய மீன் நாற்றம் தானாகவே மேலே வரும்; அதுவரை உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். தப்பித் தவறி மேற்பரப்பிலேயே ஓடு கழற்றிவிட்டால், அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலால் அதைச் சுற்றி மூடி, இருட்டாக்கி, கழற்றிய ஓட்டை அங்கேயே விட்டுவிட வேண்டுமாம். இதை ஒரு மாதம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால்!

ஐந்தாவது வாரம் மகள் சூப் கரண்டியோடு தொட்டிமுன் நின்றாள். “அம்மா, செத்துப்போச்சான்னு மட்டும் பார்க்கிறேன்.” கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, முதல் நண்டைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அதைச் சொல்லாமல் தோண்டாதே என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அப்போ அது குப்பையில முழிச்சுப் பார்த்திருக்குமா?”

என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தொட்டியில் காகிதம் ஒட்டியிருந்தது: தோண்டாதே. ‘ண்’ணுக்கு ஒரு சுழி கூடுதல்.

போன புதன்கிழமை, 51ஆம் நாள், இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டு விளக்கை அணைக்கப் போனேன். தொட்டியில் கறகறவென்று சத்தம். தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. கால்களில் புது மினுமினுப்பு. போகும்போது நுனி உடைந்திருந்த இடது கால் முழுதாக இருந்தது. மறுநாள் பள்ளி என்று தெரிந்தும் மகளை எழுப்பினேன். தரையில் குந்தி அரை மணி நேரம் பார்த்தோம். சாயம் பூசிய சங்கை விட்டு அது இன்னும் வெளியே வரவில்லை. பெரிய சங்கொன்றைக் கொடுக்கால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

இந்த நண்டுகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்வது மிகக் கடினம். கடையில் இருப்பவை அநேகமாக எல்லாமே ஏதோ ஒரு கடற்கரையில் பிடித்தவை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வருடங்களுக்கு மேல்கூட வாழும் என்கிறார்கள். “துணைக்கு இன்னொன்று வாங்கலாமா?” என்று கேட்கிறாள் மகள். அவை கூட்டமாக வாழும் பிராணிதான், தனியாக விடுவதும் நியாயமில்லை. வளர்க்க முடியாமல் கைவிடுபவர்களிடம் கேட்டு வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

தூங்கப் போகும் முன் காகிதத்தைக் கிழிக்கட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும்மா. திரும்ப உள்ளே போகுமில்ல.”