மொதல்ல புள்ளி வைங்க சாமி!

போன ஞாயித்துக்கிழமை தெரிஞ்ச தம்பி ஒருத்தர் போன் பண்ணினார். புதுசா ஏர்பிரஷ் வாங்கியிருக்காராம். கம்ப்ரசர், ஆறு பாட்டில் பெயிண்ட், எல்லாம் ரெடி. "அண்ணே, முதல்ல என்ன வரையலாம்? புலி முகம் போடவா, இல்ல என் ஹெல்மெட்ல நெருப்பு மாதிரி ஏதாச்சும் போடவா?"ன்னு கேட்டார்.

"புள்ளி வைங்க தம்பி"ன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம், "கிண்டல் பண்ணாதீங்கண்ணே!"

கிண்டல் இல்லீங்க. சத்தியமா கிண்டல் இல்ல. அவர்கிட்ட போன்ல முழுசா சொல்ல முடியாததை இங்க கொட்டிடறேன். ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கற நேரம், நீங்களும் பொறுமையா படிங்க.

இந்த விஷயத்துல ரெண்டு கட்சி இருக்கு. "பிடிச்சதை வரை, கை தானா வந்துடும், புள்ளி வச்சுக்கிட்டிருந்தா ரெண்டே நாள்ல வெறுத்துடும்" அப்படிங்கறது ஒண்ணு. "ஆயிரம் புள்ளி, ஆயிரம் கோடு போடாம படத்துப் பக்கமே போகாதே" அப்படிங்கறது இன்னொண்ணு. நான் ரெண்டாவது கட்சிதான். ஆனா அந்தக் கட்சிக்காரங்க வழக்கமா சொல்ற காரணம் எனக்குப் பத்தாது. கை பழகணும், விரலுக்குப் பழக்கம் வரணும்பாங்க. அதுவும் சரிதான். என்னோட காரணம் வேற. அதைச் சொல்றதுக்கு ஒரு கொசுவத்தி சுத்தியாகணும்.

2019. ஏர்பிரஷ் வாங்கி ரெண்டு மாசம். அதுக்குள்ள ஒரு நாள் வகுப்பு ஒண்ணுக்குப் போய் வந்துட்டேன். காலையில பத்து மணிக்கு உட்கார வச்சாங்க, சாயங்காலம் கையில ஒரு கழுகுப் படத்தைக் குடுத்து அனுப்பினாங்க. வெட்டின அட்டையை வச்சு, மேல பெயிண்டை ஊதி, அட்டையை எடுத்தா கழுகு. ஓரமெல்லாம் சும்மா கத்தி மாதிரி இருந்தது. தங்கமணியே அசந்து போய் ஹால்ல மாட்டினாங்க. அந்த ஓரத்துக்குக் காரணம் அட்டைதான், என் கை இல்லைங்கறது அப்போ என் மரமண்டைக்கு உறைக்கல.

இந்த லட்சணத்துல, ஸ்கூல்ல இருந்து கூடப் படிச்ச நண்பன்கிட்ட நானே வாய் விட்டேன். அவங்க அப்பாவோட புல்லட், 1984 மாடல். அப்பா தவறினதுக்கப்புறம் அவன்தான் வச்சு ஓட்டிட்டிருந்தான். புல்லட் டேங்க்ல தங்கக் கலர்ல ஒரு கோடு ஓடும் பாத்திருப்பீங்க. அது கையால போடற கோடு. ஸ்டிக்கர் கிடையாது, அளவுகோல் கிடையாது. டேங்க்கோட வளைவைக் கண்ணால பிடிச்சு, நீள முடி பிரஷ்ஷால ஒரே இழுப்பு. சென்னையில அந்த வேலையை வருஷக்கணக்கா செய்யற கலைஞர்கள் இருக்காங்க. அந்தக் கோட்டுக்குக் கீழ லேசா ஒரு நிழல் குடுத்தா கோடு மிதக்கற மாதிரி தெரியும், நான் செஞ்சு தரேன்னு சொன்னேன். அவனும் நம்பி டேங்க்கைக் கழட்டிக் குடுத்தான்.

பெயிண்ட் பிடிக்கணும்னு மேல்பரப்பை நைசா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். அப்புறம் ஊத ஆரம்பிச்சேன். முதல் ஒரு ஜாண் நல்லாத்தான் வந்தது. திடீர்னு கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சிலந்திக் கால் மாதிரி பெயிண்ட் கிளம்பி ஓடிச்சு. பதறிப்போய் அழுத்தத்தைக் குறைச்சேன். மணல் தூவின மாதிரி வந்தது. பெயிண்டைத் தண்ணியாக்கினேன். ஒழுகிச்சு. சரி, தொடைச்சுட்டு மறுபடி பண்ணலாம்னு துணியில தின்னர் நனைச்சு ஒரே தொடை.

துணியில தங்கக் கலர்.

முப்பத்தஞ்சு வருஷம் வெயில் மழை எல்லாத்தையும் தாங்கின கோடு அது. பாதியைத் துணியோட எடுத்துட்டேன். நண்பன் வந்து பாத்தான். "பரவால்லடா, பழசுதானே"ன்னான். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேச்சை அவன் எடுத்ததே இல்ல. திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? மிஷின் சரியில்லைன்னு முடிவு பண்ணி, நாலு மடங்கு விலையில வேற ஏர்பிரஷ் வாங்கினேன். அதுலயும் அதே சிலந்திக் கால். அவ்வ்வ்வ்!

நான் சொல்ல வர்றது இங்கதான் இருக்கு. அன்னிக்கு டேங்க் முன்னாடி நின்னப்போ என் கை நடுங்கினது ரெண்டாவது பிரச்சினை. என்ன தப்பு நடக்குதுன்னே எனக்குத் தெரியலைங்கறதுதான் முதல் பிரச்சினை. பெயிண்டோட பதம், காத்தோட அழுத்தம், தூரம், விரல் இழுக்கற அளவு, கை நகர்ற வேகம்னு அஞ்சு விஷயம் ஒரே நேரத்துல ஓடுது. படம் வரையும்போது கெட்டா இந்த அஞ்சுல எது கெட்டுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கண்ணு புலியோட மீசையில இருக்கும். ஆனா ஒத்தைப் புள்ளியில ஒளிஞ்சுக்க இடமே இல்ல. கையும் நகரல, படமும் இல்ல. சுத்தி சிலந்திக் கால் வருதா, பெயிண்டை அதிகமா இழுக்கறீங்க, இல்ல அந்தத் தூரத்துக்குக் காத்து அதிகம். மணல் மணலா வருதா, பெயிண்ட் கெட்டி, இல்லாட்டி அழுத்தம் பத்தல. நல்லா வந்துட்டே இருந்தது நின்னு போய், அப்புறம் சொத்துனு தெறிக்குதா, ஊசி முனையில பெயிண்ட் காஞ்சு உக்காந்திருக்கு. நம்ம ஊர் வெயில்ல அக்ரிலிக் காயறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. கலரே இல்லாம வெறும் தண்ணித் துளி விழுதா, கம்ப்ரசர் குழாய்ல ஈரம் சேர்ந்திருக்கு. சென்னை மாதிரி கடலோர ஊர்ல அதுக்கு ஒரு வடிகட்டி கட்டாயம் வேணும்.

அதாவது புள்ளி வைக்கறது ஜோசியம் பாக்கற மாதிரி. மிஷினோட ஜாதகமே அதுல தெரியும். :-)

சரி, எப்படி வைக்கறது? நம்ம கைக்கு வர்ற ஏர்பிரஷ் பெரும்பாலும் ரெட்டை இயக்கம். குமிழைக் கீழ அழுத்தினா காத்து, பின்னால இழுத்தா பெயிண்ட். காத்து முதல்ல வரணும், கடைசியா போகணும். நடுவுல மட்டும்தான் பெயிண்ட். இதை எல்லாரும் சொல்லுவாங்க, நானும் தலையாட்டினேன். ஆனா முடிக்கும்போது என் விரல் ரெண்டையும் சேர்த்து விட்டுடும். அப்போ முனையில கொஞ்சம் பெயிண்ட் தங்கிடும். அடுத்த தடவை அழுத்தினவுடனே அது தெறிக்கும். டேங்க்ல நான் பாத்த பாதித் தெறிப்பு இதுதான். நூறு புள்ளி வச்சப்புறம்தான் அது புரிஞ்சுது.

கோட்டுக் கதை வேற. அதைச் சொல்லிக் குடுத்தவர் வாழ்க்கையில ஏர்பிரஷ்ஷையே தொட்டதில்ல. எங்க தெருவுல ஒரு பெரியவர், அந்தக் காலத்துல சினிமா பேனர் எழுதினவர். பிளெக்ஸ் வந்தப்புறம் தொழில் போச்சு. நான் மொட்டை மாடியில பயிற்சி பண்றப்போ ஒருநாள் வந்து நின்னார். என் கோடு எல்லாமே ரெண்டு பக்கமும் குண்டு வச்ச கர்லாக்கட்டை மாதிரி இருந்தது. பாத்தார். "இன்னா தம்பி, கை நின்னப்புறம் கலர் நிக்குதே? கலர் நின்னப்புறம்தான் கை நிக்கணும்"னார். அவ்வளவுதான். பவுலர் ஓடி வந்து பந்தைப் போட்டுட்டு அப்படியே நாலு அடி ஓடற மாதிரி. கை முதல்ல நகர ஆரம்பிக்கணும், பெயிண்ட் அதுக்கப்புறம் வரணும். பெயிண்ட் நின்னாலும் கை போயிட்டே இருக்கணும். அவர் தொழில் கத்துக்கிட்டப்போ பிரஷ் கழுவற வேலையும் பழைய பேப்பர்ல கோடு இழுக்கற வேலையும்தான் ஒரு வருஷமாம். எழுத்துப் பக்கமே விட மாட்டாங்களாம். "போரடிக்கலையா?"ன்னு கேட்டேன். "சோறு போட்டாங்கபா"ன்னார்.

நமக்கு யாரும் சோறு போடப் போறதில்ல, அதனால போரடிக்கும்ங்கறதை ஒத்துக்கறேன். முதல் கட்சிக்காரங்க சொல்றதுல அந்த நியாயம் இருக்கு. நான் கண்டுபிடிச்ச வழி கோலம். இடைப்புள்ளி 15ல இருந்து 8 வரைக்கும் பென்சில்ல குறிச்சுக்கிட்டு, அந்த இடத்துல சரியா, எல்லாம் ஒரே அளவா ஏர்பிரஷ்ல புள்ளி. அப்புறம் நேர்கோட்டால இணைக்கறது. அது கை வந்தப்புறம் சிக்குக் கோலம். புள்ளியைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு போற ஒரே கோடு, எங்கயும் தடிமன் மாறக் கூடாது. இதைவிடக் கடுமையான பயிற்சியை நான் எங்கயும் பாக்கல. தங்கமணி, "மார்கழிக்கு வாசல்ல இதையே ஊதிடுங்க, எனக்கு வேலை மிச்சம்"ங்கறாங்க.

பேப்பர் விஷயத்துல மட்டும் ஒரு வார்த்தை. நியூஸ் பேப்பர் பெயிண்டை உறிஞ்சிடும், உங்க தப்பையும் சேர்த்து மறைச்சிடும். பழைய மாதக் காலண்டரோட வழவழ பக்கத்துல போடுங்க. டேங்க்கும் ஹெல்மெட்டும் எதையும் உறிஞ்சாது, அதுவும் அப்படித்தான். முதல் வாரம் பெயிண்டை வீணாக்க மனசு வராட்டி கேசரி பவுடரைத் தண்ணியில கரைச்சு வடிகட்டி ஊத்திக்குங்க. ஆனா அது பெயிண்டைவிட நீர்த்து ஓடும், சிலந்திக் கால் ஜாஸ்தியா வரும். அதனால அதுலயே நின்னுடாம, சீக்கிரம் பால் பதத்துல நிஜ பெயிண்டுக்கு மாறிடுங்க. அழுத்தம் 15ல இருந்து 20 பி.எஸ்.ஐ. வச்சு ஆரம்பிக்கலாம். தண்ணி பெயிண்ட்தானேன்னு மாஸ்க் இல்லாம ஊதாதீங்க. புகை மாதிரி மிதக்கற துகள் நேரா நுரையீரலுக்குப் போகும்.

இப்பவும் நான் உட்கார்ந்தா முதல் இருபது நிமிஷம் புள்ளியும் கோடும்தான். அதுக்கப்புறம் எது தோணுதோ அது. அந்த இருபது நிமிஷத்துல சரியா வரலைன்னா அன்னிக்கு வேற எதையும் தொட மாட்டேன். மிஷினைக் கழட்டித் துடைச்சு வச்சுட்டு இறங்கிடுவேன்.

நண்பனோட டேங்க் வெறும் கருப்பாத்தான் இருக்கு. பட்டறையில குடுத்து முழுசா அடிச்சு வாங்கினான். கோடு போட வேண்டாம்னு சொல்லிட்டானாம்.

டிஸ்கி: கேசரி பவுடர் கையில ஒட்டினா மூணு நாளைக்குப் போகாது. திங்கக்கிழமை காலையில ஆபீஸ்ல எல்லாரும் கேசரி எங்கன்னு கேப்பாங்க. ஞாயித்துக்கிழமை ஊதறவங்க கையுறை போட்டுக்குங்க.