தொட்டிக்குப் பின்னே ஒரு கருந்திரை

சென்ற இதழில், குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அறையாமல் படங்களைத் தொங்கவிடும் வகையைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர் கல்யாண் நிலையத்தில் நம்மைச் சந்தித்து, "மீன்தொட்டிக்குப் பின்புறம் கறுப்பு வைப்பது எப்படி என்று எழுதுங்களேன், எங்கள் வீட்டுத் தொட்டி அக்ரிலிக். பெயிண்ட் அடித்துவிடலாமா?" என்று கேட்டார். அவர் தொட்டது நம் பழைய புண்ணை என்பதை அவர் அறியார். அடிக்க வேண்டாம் என்று அங்கேயே கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தோம். காரணத்தை இங்கே சொல்கிறோம்.

நாம் புசாவலில் இருந்த காலத்தில் அடுத்த வீட்டில் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர்; நமக்கு மூத்த உத்தியோகஸ்தர். ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது, தம்முடைய மீன்தொட்டியையும் அதிலிருந்த ஆறு ரோஸி பார்ப் மீன்களையும் நம் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனார். தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கண்ணாடியன்று, அக்ரிலிக். "மாற்றல் வருகிற உத்தியோகத்துக்குக் கண்ணாடி ஆகாது தம்பி, இதைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறலாம்" என்பார். உண்மைதான். அதே கனத்தில் செய்த கண்ணாடித் தொட்டியின் எடையில் ஏறக்குறையப் பாதிதான் இருக்கும். எளிதில் உடையவும் உடையாது. மும்பை மெரைன் டிரைவில் 1951-இல் திறக்கப்பெற்ற தாராபோரேவாலா மீன் காட்சியகத்தை 2015-இல் புதுப்பித்தபோது, தலைக்கு மேலும் மீன்கள் நீந்திச் செல்ல, மக்கள் நடுவே நடக்கும் ஒரு சுரங்கவழி அமைத்தார்களே, அதுவும் அக்ரிலிக்தான்.

அத்தகைய தொட்டியின் பின்புறத்தில் நாம் கறுப்பு எனாமல் பெயிண்டைப் பூசினோம். பூசிய அழகு என்னவோ மெய். மீன்கள் செக்கச்செவேலென்று சிவந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். நாமும் அதில் மகிழ்ந்துபோனோம்.

2022-இல் மும்பைக்கு மாற்றலாயிற்று. புதிய வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே தொட்டியை வைத்தால் இரு புறமிருந்தும் பார்க்கலாம் என்று இல்லத்தாள் சொன்னாள். ஆகவே பெயிண்டை நீக்க வேண்டியதாயிற்று. தின்னரை வாங்கிப் பஞ்சில் நனைத்துத் துடைத்தோம். கறுப்பு போயிற்று. அதனடியில் புகை படிந்தாற்போல ஒரு வெண்மை நின்றது. இன்னும் அழுத்தித் துடைத்தோம். மயிரிழை போன்ற கோடுகள் ஓரங்களில் தோன்றின. பார்வைக்குத்தானே கெடுதல் என்று எண்ணி நீரை நிரப்பினோம். நான்காம் நாள் இரவு, பின்பக்க மூலையின் ஒட்டு விட்டது. ஐம்பது லிட்டருக்கு மேற்பட்ட நீர் கூடமெல்லாம் பரவிற்று. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது நம் பெண் ஈரத்தில் மண்டியிட்டு, கைகளால் மீனைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. இரண்டு மீன்களையே வாளியில் சேர்க்க முடிந்தது.

இதன் காரணத்தைப் பிறகுதான் அறிந்தோம். அக்ரிலிக் பலகைகளை ஒட்டுபவர்கள் பசையைக் கொண்டு ஒட்டுவதில்லை. அக்ரிலிக்கையே சிறிது கரைக்கும் திரவத்தை மூலையில் விட்டு, இரண்டையும் ஒன்றாக உருகிச் சேரச் செய்கின்றனர். தின்னரும் அத்தகைய கரைப்பான்களின் கலவையே. எந்தக் குணத்தால் பலகைகள் சேர்கின்றனவோ அந்தக் குணத்தாலேயே அவை கெடவும் செய்கின்றன. நீரின் பாரத்தால் ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் மூலைகளில் கரைப்பான் பட்டால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஓடிவிடும். ஸ்பிரிட்டும், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும்கூட அக்ரிலிக்குக்கு ஆகா. ஈரமான பழைய வேட்டித் துண்டே போதும். அதிலும் மண்துகள் இருத்தலாகாது, கீறிவிடும். நீரில் கரையும் பெயிண்ட் இவ்வளவு கொடியதன்று என்பார்கள். இருக்கலாம், ஆயினும் பின்னால் அதைச் சுரண்டும்போது விழும் கீறல்களுக்கு யார் பொறுப்பு?

புதிதாக ஓர் அக்ரிலிக் தொட்டியை, அதே அளவில், வாங்கினோம். மிஞ்சிய இரண்டோடு சேர்க்க நான்கு மீன்களையும் குர்லாவில் வாங்கினோம். அவை சென்னைக் கொளத்தூரிலிருந்து வந்தவை என்றார் கடைக்காரர். வடநாட்டு ஆற்று மீன் சென்னையில் பிறந்து மும்பைக்கு வந்திருக்கிறது; அதன் ஊர் எது என்று கேட்டால் அதுவும் நம் பிள்ளைகளைப் போலச் சற்று யோசிக்கும். இம்முறை தொட்டியைக் கூடத்து வெள்ளைச் சுவரை ஒட்டி வைத்து, பின்னால் ஒன்றும் வைக்காமல் விட்டோம், துணிவில்லை. ஒரு வாரத்தில் மீன்களெல்லாம் வெளுத்து, மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. "அப்பா, இதுகளுக்குப் பயமாயிருக்கு" என்றாள் பெண்.

பயம் மட்டுமன்று. மீனின் தோலில் கருந்துகள்கள் நிறைந்த நுண்ணிய அணுக்கள் உண்டு. சுற்றுப்புறம் இருண்டிருந்தால் துகள்கள் அணு முழுதும் பரவும். மேனி ஆழ்ந்த நிறம் பெறும். வெளுத்திருந்தால் அவை நடுவில் ஒடுங்கிவிடும். மேலிருந்து வரும் ஒளி எவ்வளவு, கீழிருந்து திரும்பும் ஒளி எவ்வளவு என்று கண் ஒப்பிட்டுப் பார்ப்பதைக் கொண்டே இம்மாற்றம் நிகழ்கிறது. தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், தம் இளமையில் ஆராய்ந்தது மீன்களின் இந்த நிறமாற்றத்தைத்தான். ஆகவே பின்புறத்தைக் கறுப்பாக்கிவிட்டு, அடியில் பால்போன்ற வெள்ளைக் கூழாங்கற்களைப் பரப்பினால் பலன் குறையும். கருஞ்சரளையே நன்று. இதை நமக்கு முன்பே யாரும் சொல்லவில்லை; வெள்ளைக்கல் இரண்டு கிலோ வீணாயிற்று.

இனிச் செய்முறை. மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள சன்போர்டு, எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும். தொட்டியின் பின்புற அளவுக்கு, மேல் விளிம்பில் மட்டும் ஒரு விரற்கடை குறைத்து, வெட்டிக்கொள்க. அதன்மேல் கறுப்புப் பருத்தித் துணியை இழுத்துப் போர்த்தி, ஓரங்களைப் பின்னால் மடித்து ஃபெவிகாலால் ஒட்டுக. பளபளக்கும் சாட்டின் வேண்டா. அது விளக்கொளியைத் திருப்பி அடிக்கும். இரண்டு நாள் நன்றாக உலரட்டும். கறுப்பு சார்ட் பேப்பரை டேப்பால் ஒட்டுவதே பலர் வழக்கம். காற்றுக்குழாய் தெறிக்கும் நீர் பட்டு ஒரு மாதத்தில் அது அலையலையாகிவிடும். டேப்பின் பிசினோ அக்ரிலிக்கில் தங்கிவிடும். அதை நீக்க மறுபடியும் தின்னரைத் தேடுவோம்!

பலகையைத் தாங்க ஒட்டு எதுவும் வேண்டுவதில்லை. அரை அங்குல எலாஸ்டிக் நாடாவில் இரண்டு வளையங்கள் தைத்துக்கொள்க. இந்தத் தொட்டியின் சுற்றளவு ஆறடி. நாடா ஐந்தரை அடி இருந்தால் மெல்ல இறுகப் பிடிக்கும். ஒன்று மேல் விளிம்போடும் மற்றொன்று சரளைமட்டத்திலும் தொட்டியைச் சுற்றி நின்றால், முன்னாலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. நாம் செய்தது இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. தைத்துக் கொடுத்தது இல்லத்தாள். அந்தக் கூலி இதில் சேராது.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. பின்னால் இருள் கூடினால் உள்ளே விளக்கெரியும் தொட்டியின் சுவர் ஓரளவு கண்ணாடிபோல் ஆகும். முதல் இரண்டு நாள் பெரிய ஆண் மீன் தன் நிழலோடு சண்டையிட்டது. விளக்கின் ஒளியைக் குறைத்தபின் அடங்கிற்று. மேற்கு வெயில் விழும் சன்னலருகே வைக்க வேண்டா; கறுப்பு வெப்பத்தை ஈர்க்கும்.

ஞாயிறுதோறும் பெண் வளையங்களைத் தளர்த்திப் பலகையை மெதுவாக எடுத்து வெயிலில் வைப்பாள். திடீரென்று உருவினால் மீன்கள் மிரளும். அந்த நேரத்தில் அவள் தொட்டியின் நான்கு மூலைகளையும் விரலால் தடவி, ஈரமிருக்கிறதா என்று பார்க்கிறாள். நாம் சொல்லிக்கொடுத்ததன்று.

அண்ணாச்சி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைக்கிறார். "தொட்டி எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்கத் தவறுவதில்லை. "நன்றாக இருக்கிறது" என்றே இத்தனை நாளும் சொல்லிவந்தோம். இந்த இதழ் அவருக்கும் தபாலில் போகிறது என்பதை அறிந்தேதான் இதை எழுதுகிறோம். அண்ணாச்சி, தாங்கள் கொடுத்த ஆறில் இரண்டு இன்னும் இருக்கின்றன. பழைய தொட்டியை எறிய மனம் வரவில்லை. சமையலறையில் இருக்கிறது, அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம். தை மாதம் வருவதாகச் சொன்னீர்கள், வாருங்கள்.