கதவுக்கும் ராசியா?

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அணைக்கட்டை ஒட்டிய அமராவதி நகரில் நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் சமீபத்தில் வீடு கட்டினார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருபது வருஷம் இராப்பகலாய் உழைத்த பணமும், அதற்குமேல் வாங்கிய கடனும் சேர்ந்து எழும்பிய வீடு அது. நாம் போன அன்று உள் கதவுகளுக்கும், நிலைகளுக்கும், ஜன்னல் சட்டங்களுக்கும் வர்ணம் பூசவேண்டிய பெயிண்டர் சும்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காரணம் கேட்டோம்.

"வாஸ்துக்காரர் இன்னும் வரலீங்க. அவர் ராசி பார்த்துச் சொன்னாத்தானுங்க கலர் வாங்கோணும்" என்றார் தோழர்.

வாஸ்துக்காரரும் வந்தார். அக்கினி மூலையாதலால் சமையலறைக் கதவுக்குச் சிவப்பு, குருவுக்காகக் கூடத்துக் கதவுக்கு மஞ்சள், புதனுக்காகக் குழந்தைகள் படுக்கும் அறைக்குப் பச்சை என்று தீர்ப்புச் சொல்லி, தட்சிணையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நாம் கேட்கிறோம்: கதவு என்பது என்ன? ஆசாரி இழைத்த பலகை. அது காட்டில் மரமாய் நின்றபோது அதற்கு ராசி உண்டா? அறுவை மில்லில் அறுபட்டபோது எந்தக் கிரகம் தடுத்தது? ஒரே டப்பாவிலிருந்து ஒரே பெயிண்டர் இரண்டு வீட்டுக் கதவுக்குப் பூசுகிறார். ஒரு வீட்டான் வாழ்கிறான், மற்றவன் கடனில் மூழ்குகிறான். இதில் வர்ணம் செய்தது என்ன?

இது வெறும் பைத்தியக்காரத்தனம் மாத்திரமாயிருந்தால், அவர் காசு, அவர் கதவு என்று விட்டுவிடலாம். ஆனால் இதில் குழந்தைகளின் மூளை சம்பந்தப்பட்டிருக்கிறது. ஆதலால்தான் எழுதுகிறோம்.

எனாமல் பெயிண்டில் பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்காக வெகு காலமாய்ச் சேர்க்கப்பட்டு வந்த சரக்கு ஈயக் குரோமேட் என்பது. ஈயம் கலந்த அதே இனத்துச் சரக்கைக்கொண்டே செம்மஞ்சளும் சிவப்பும் செய்தார்கள். அந்த மஞ்சளோடு நீலத்தைக் கலந்து பச்சையும் செய்தார்கள். அதாவது, எந்த மூன்று நிறங்களை வாஸ்துக்காரர் மங்களகரம் என்றாரோ அவைதான் ஈயத்தைப் பற்றி அதிகமாய் விசாரிக்கவேண்டிய நிறங்கள்!

கதவு நிலையில் உராய்கிறது. ஜன்னல் திறந்து மூடுகிறது. உராயும் இடத்தில் வர்ணம் பொடியாகித் தரையில் விழுகிறது. தவழும் குழந்தை அந்தத் தரையில் கையை வைத்து, அதே கையை வாயில் வைக்கிறது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி கெடுகிறது. கவனமும் படிப்பும் மந்தமாகின்றன. இவ்வளவு வரை இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பிறகு என்ன நடக்கும்? பிள்ளை படிப்பில் மந்தமாயிருக்கிறானே என்று தகப்பனார் அதே வாஸ்துக்காரரிடம் போவார். அவரும் கிரக தோஷம் என்று சொல்லி, பரிகாரத்துக்கு வேறு பணம் வாங்குவார்!

திருப்பூர்ச் சீமைக்காரர்களுக்கு இது புரியாத சங்கதியா? புற்றுநோய்க்கு இடங்கொடுக்கும் சில அசோ சாயங்களை 1994-ல் ஜெர்மனி தடுத்தவுடன் நம் சாயப்பட்டறைகள் சாயத்தை மாற்றிக்கொள்ளவில்லையா? அமெரிக்காவில் 2008-ல் செய்த சட்டப்படி, குழந்தைகள் சாமான்களின் மேற்பூச்சில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்குமேல் ஈயம் இருக்கக்கூடாது. அந்நாட்டுக் குழந்தையின் சட்டைப் பித்தானுக்குப் பரிசோதனைச் சீட்டு வாங்கி அனுப்புகிற நாம், நம் குழந்தை கை வைக்கும் கதவுக்கு ராசிச் சீட்டு வாங்குகிறோம். இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா?

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. வீட்டுப் பெயிண்டில் அதே 90 பங்குக்குமேல் ஈயம் கூடாதென்று 2016-ல் விதி செய்யப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் அமுலில் இருக்கிறது. டப்பாவின் மேலும் அவ்விவரம் அச்சிட்டிருக்கவேண்டும். அப்படியிருந்தும் வரம்பு மீறிய டப்பாக்கள் பரிசோதனைகளில் அகப்பட்டே வந்திருக்கின்றன. ஆகவே கடைக்காரரிடம் நட்சத்திரத்தைச் சொல்லாமல், டப்பாவைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். எழுத்தில்லாத டப்பா மலிவாய்க் கிடைத்தாலும் வேண்டாம்.

பழைய வீட்டுக்காரர்கள் இன்னும் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். பழைய பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூள் வீடெல்லாம் பரவும். நெருப்புக் காட்டி உரித்தால் புகையாய் மூக்கில் ஏறும். நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வேலை முடிகிறவரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அங்கே இருக்கக்கூடாது. பெயிண்டரும் மனிதரே, அவருக்கும் நல்ல முகமூடி வேண்டும்.

அப்படியானால் என்ன நிறம் பூசுவது? வீட்டில் வசிக்கிற உங்கள் கண்ணையும் வீட்டு வெளிச்சத்தையும் கேளுங்கள். வெளிச்சம் குறைந்த அறைக்கு வெளிர் நிறம் நல்லது. அடுப்புப் புகையும் எண்ணெய்க் கையும் படுகிற சமையலறைக் கதவுக்குக் கழுவித் துடைக்கத்தக்க பளபளப்புப் பூச்சு நல்லது. நிலையைச் சுவரைவிடச் சற்றுக் கருமையாய் வைத்தால் கைக்கறை தெரியாது. வயதானவர்களுக்கு இருட்டில் வாசலும் தெரியும். சாயப்பட்டறையில் மாதிரித் துணியைப் பல விளக்குகளில் வைத்துப் பார்த்தல்லவா நிறத்தை ஒப்புக்கொள்கிறீர்கள்? அதேபோல் ஒரு பலகைத் துண்டில் பூசி, அதே அறையில் காலையிலும், உச்சியிலும், இரவு விளக்கிலும் பாருங்கள். இதற்குத் தட்சிணை கிடையாது. மஞ்சளும் சிவப்பும்தான் பிடிக்குமென்றால் இரும்புக் காவி நிறங்கள் இருக்கின்றன. நிறத்தின்மேல் நமக்கு விரோதமில்லை, புரட்டின்மேல்தான் விரோதம்.

அமராவதி நகர்த் தோழரிடம் இவ்வளவும் சொன்னோம். அவருடைய மனைவியார் உள்ளேயிருந்து வந்து, "குழந்தைக ரூமுக்கு மட்டுமாச்சும் அந்த டப்பாவைப் படிச்சுப் பாத்து வாங்குங்க" என்றார். அந்த அம்மையாருக்குத் தோன்றியது மற்றவர்களுக்கும் தோன்றினால் போதும். கதவைக் காப்பது வர்ணம். வீட்டைக் காப்பது அறிவு. இரண்டையும் பிறர் சொல்லுக்கு ஒப்படைத்துவிட்டு, பிறகு தலைவிதியை நொந்துகொள்வதில் பயன் என்ன?