கதவடைப்பது எதிர்ப்பாகாது

1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பதிப்பகம் வினோதமான நூலொன்றை வெளியிட்டது. கவிதையன்று, புதினமன்று, பக்கம் பக்கமாகக் கணினி நிரல். ஃபில் சிம்மர்மன் உருவாக்கிய பி.ஜி.பி. என்னும் மறையாக்க மென்பொருளின் மூலநிரல் அது. வலுவான மறையாக்கம் அன்றைய அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்குப் போர்த்தளவாடம். வட்டில் பதிந்து அனுப்பினால் ஆயுத ஏற்றுமதி. தாளில் அச்சிட்டு அனுப்பினாலோ வெறும் புத்தகம். எழுத்தை நம்பி வாழும் நமக்கு இதைவிட இனிய அங்கதம் வேறென்ன வேண்டும்?

அதே காலத்தில் கட்டற்ற இயங்குதளங்களும் இச்சட்டத்தை எதிர்கொண்டன. டெபியன் குழுவினர் மறையாக்கப் பொதிகளை மட்டும் பிரித்தெடுத்து அமெரிக்காவுக்கு வெளியே தனிக் களஞ்சியத்தில் வைத்தனர். ஓப்பன்பிஎஸ்டி கனடாவிலிருந்து இயங்கியது. டேனியல் பெர்ன்ஸ்டைன் வழக்காடினார். மூலநிரலும் பேச்சே என்று 1996இல் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 2000இல் விதிகள் தளர்ந்தன. 2002இல் வெளிவந்த டெபியன் 3.0இல் மறையாக்கம் முதன்மைக் களஞ்சியத்துக்கே திரும்பியது. இத்தனைக்கும் நடுவில் எந்த வாசகனையும் 'நீ இன்ன ஊர்க்காரன், தொடாதே' என்று இவர்கள் விலக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

இப்போது அதே கலிபோர்னியாவிலிருந்து வேறொரு சட்டம். 2025 அக்டோபரில் கையெழுத்தான ஏ.பி. 1043, கணக்குத் தொடங்கும்போதே பயனரின் வயதைக் கேட்டறிந்து, அவர் எந்த வயதுப் பிரிவினர் என்பதைச் செயலிகளுக்கு அறிவிக்கும் பொறுப்பை இயங்குதளம் வழங்குவோர் தலையில் சுமத்துகிறது. 2027 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வருமாறு அது இயற்றப்பட்டது. கவனக்குறைவாக மீறினால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 2,500 டாலர் வரை, வேண்டுமென்றே மீறினால் 7,500 டாலர் வரை தண்டம். குழந்தைகளைக் காக்கும் நோக்கத்தோடு நமக்குப் பிணக்கில்லை. ஆனால் பல நாட்டுத் தன்னார்வலர் கூடி இழைத்த பொருளுக்கு 'வழங்குநர்' யார்? மூலநிரல் கையிலிருக்கும் எவரும் அந்த வயதுக் கேள்வியை நீக்கிவிடலாமே, அப்போது குற்றவாளி யார்? பெருநிறுவனங்களை மனத்தில் வைத்துத் தைத்த சட்டையை எல்லார்க்கும் மாட்டப் பார்க்கிறார்கள்.

இதற்குச் சிலர் கூறும் மருந்துதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது: 'கலிபோர்னியர் பயன்படுத்தலாகாது' என்று உரிமத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவதாம்! எந்த மனிதரையும் குழுவையும் பாகுபடுத்தலாகாது என்பது 1997இல் டெபியன் தனக்குத்தானே விதித்துக்கொண்ட இலக்கணம். அரசின் விதிக்கு அஞ்சித் தன் இலக்கணத்தைத் தானே கிழிப்பது எதிர்ப்பா, சரணாகதியா? சட்டம் இயற்றியவர் ஒரு நட்டமும் அடையார். பழைய கணினியில் லினக்ஸ் நிறுவிப் படிக்கும் மாணவனே வெளியே நிற்பான்.

'தண்டம் கட்டப்போவது நீங்களா?' என்று ஊதியமின்றி உழைப்பவர் கேட்பது நியாயமே. அந்த அச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் வேறு வழி உண்டு என்பதற்கு அண்மைச் சான்று ஐரோப்பா. 2022இல் முன்மொழியப்பட்ட இணையத் தாங்குதிறன் சட்டம் கட்டற்ற மென்பொருளை நெரிக்கும் என்று பல அமைப்புகள் குரலெழுப்பின. டெபியன் உறுப்பினர்கள் 2023 டிசம்பரில் வாக்கெடுத்துத் தம் கண்டனத்தைப் பதிவு செய்தனர். 2024இல் நிறைவேறிய இறுதி வடிவம் வணிகநோக்கற்ற கட்டற்ற மென்பொருளுக்கு விலக்களித்தது. அதைப் பேணும் அறக்கட்டளைகளுக்கெனக் குறைந்த கடமைகளுடன் தனி வகுப்பு அமைத்து, நிர்வாகத் தண்டத்திலிருந்தும் அவற்றை விடுவித்தது. குறைகள் இன்னும் உண்டு. ஆயினும் உரக்கச் சொன்னதால் சட்டத்தின் சொற்களே மாறின.

சட்டமும் ஒரு பிரதிதான் நண்பர்களே. பிழையான பிரதியைத் திருத்தப் போராடுவதே எழுத்தறிந்தோர் கடமை. வாசகனை வெளியேற்றிவிட்டு நூலகத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று மார்தட்டுவோரை நாம் எதிர்க்கிறோம்.