சார்ஜர் எவன் நிலத்தில் நிற்கிறது?

பெட்ரோல் ஒழியப் போகிறதாம், இனி எல்லாம் மின்வண்டிதானாம். ஒழியட்டும். நமக்கொன்றும் பெட்ரோல் மேல் பாசமில்லை. ஆனால் தோழர்களே, அந்த வண்டிக்குக் கரண்டு எவன் நிலத்தில் ஏறுகிறது என்று கேட்காமல் இந்தப் 'பசுமை' ஆரவாரத்துக்குக் கைதட்ட முடியாது.

கணக்கைப் பாருங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்துக்கு 10,900 கோடி ரூபாய். அதில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி. எங்கே வைப்பார்கள்? மின்வண்டி ஏற்கெனவே அதிகம் ஓடும் நகரங்களில், தேர்ந்தெடுத்த நெடுஞ்சாலைகளில். இருக்கிறவன் வீட்டுக்கே இன்னொரு விளக்கு! 2022இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலும் நகரத்தில் 3க்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்றுதான் அளந்தது. அந்த அளவுகோலில் கிராமமே இல்லை; சேரி எங்கிருந்து வரும்?

சலுகையின் முகத்தையும் பாருங்கள். 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை மின்வண்டிக்குக் கடன் வாங்கியவருக்கு, வட்டியில் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவு. வருமான வரி கட்டுவது யார்? ஆதனக்கோட்டையில் முந்திரி உடைக்கிற அக்காவா?

நான் வங்கியில் எழுத்தர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நம் பையன்கள் மனுவோடு நிற்பதை நாள்தோறும் பார்க்கிறவன். சார்ஜிங் நிலையம் வைக்க லைசென்ஸ் வேண்டாம், யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று 2018லேயே சொல்லிவிட்டார்கள். 2023இல் மாநில அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் நம் மக்களுக்கு 35 விழுக்காடு மானியம், 1.5 கோடி வரை. நல்லது, அதை விடக்கூடாது. ஆனால் மானியம் கடனைத் தொட்டு வருகிறது. கடன் சொத்தைத் தொட்டு வருகிறது. ரோட்டோர நிலத்தின் பட்டா எவன் பெயரில்? 'யார் வேண்டுமானாலும்' என்றால் 'நிலம் உள்ள யார் வேண்டுமானாலும்' என்று பொருள்.

அரசுக்கு நிலம் கொடுக்கத் தெரியாதா? தெரியும். அதே 2022 வழிகாட்டுதல், விற்கும் யூனிட்டுக்கு 1 ரூபாய் பங்கு என்ற கணக்கில் சார்ஜிங் நிலையத்துக்குப் பொது நிலத்தைத் தரலாம் என்றது. 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைக் கேட்டால் மட்டும் ஆவணம் இல்லை, எல்லை தெரியவில்லை. 1994இல் காரணை நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்களைப் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள்.

சரி, சேரிக்கு மின்வண்டியே வரவில்லையா? வந்ததே, குப்பை வண்டியாக! தூய்மை பாரதத்தின் பெயரில் ஊராட்சிக்குப் பேட்டரி வண்டி. ஓட்டுவது நம் அக்கா, நம் அண்ணன். மாதம் 3,600 ரூபாயை 5,000 ஆக்கிவிட்டோம் என்று அதற்கொரு பெருமை. பாதி வழியில சார்ஜ் தீர்ந்தா தள்ளிக்கிட்டுத்தான் வரணும். வண்டி நவீனமாகிவிட்டது; குப்பை அள்ளும் கை மட்டும் அதே கை.

'கரண்டுக்கு ஏதுங்க சாதி?' என்பார்கள். தண்ணீருக்கும் இல்லை என்றவர்கள்தானே! 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை அதே தெருக்காரர் மூவரையே குற்றம்சாட்டியது. பொதுச் சொத்து எந்தத் தெருவில் நிற்கிறது, அதன் சாவி எவன் கையில், அதைக் காக்கப் போலீஸ் வருமா என்பதில்தான் சாதி இருக்கிறது. நாளைய சார்ஜருக்கும் இதுவேதான்.

ஆகவே கேட்போம். யூனிட்டுக்கு 1 ரூபாய் என்ற அந்தப் பொது நிலத்தைச் சேரிப் பெண்களின் கூட்டுறவுக்குக் கொடு. சொத்துப் பிணை கேட்காமல் கடன் கொடு. குப்பை வண்டி ஓட்டுகிறவரை நிரந்தரமாக்கு.

மாணவத் தோழர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை சார்ஜிங் நிலையம், எவர் நிலத்தில், எவ்வளவு மானியம்? பதிலைக் கிராமசபையில் உரக்கப் படியுங்கள்.